முதுகு திரும்பினால் வசனம்

அராபா குவான்சா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். கானா நாட்டின் கேப் கோஸ்ட் நகரத்து நாவலாசிரியர் அவர். நாற்பது வயது இருக்கும். தன் நாவல் தன் சொந்தக் குரலிலேயே தமிழ் பேசுவதை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டு முடித்திருந்தார். வழக்கமாக இந்தக் கட்டத்தில் எழுத்தாளர்கள் அழுவார்கள். நான் டிஷ்யூ பெட்டியைக்கூட அவர் கைக்கெட்டும் இடத்தில் நகர்த்தி வைத்திருந்தேன்.

அவர் அழவில்லை. கண்ணாடி வழியாக என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மைக்கில், அட்சர சுத்தமான கோயம்புத்தூர்த் தமிழில் கேட்டார்.

"ஏனுங்க, இது நீங்கதானுங்களே?"

எனக்கு இரண்டு அதிர்ச்சி ஒரே நேரத்தில் வந்ததால் எதற்கு முதலில் வாய் பிளப்பது என்று தெரியவில்லை. முதலாவது, இந்த அம்மாள் தமிழ் பேசுகிறார். எழுத்தாளர்களின் நூல்களை அவரவர் குரலிலேயே இயந்திரத்தால் தமிழாக்கி வெளியிடும் எங்கள் 'செவிநூல்' நிறுவனத்தில் அவரைப் பற்றி நாற்பது பக்கக் கோப்பு இருக்கிறது. வாங்கிய விருதுகள், பிடித்த நிறம், எந்தப் பக்கம் திரும்பி நின்றால் படம் நன்றாக வரும் என்பதுவரை அதில் உண்டு. கோயம்புத்தூரில் நான்கு வருடம் பார்மசி படித்தவர் என்பது மட்டும் இல்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது அதிர்ச்சிதான் பெரியது. அதைச் சொல்வதற்கு முன் என் கழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் குரல்வளை கிடையாது. ஆறு வருடங்களுக்கு முன் புற்று வந்து எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா ஒட்டியிருக்கிறது. நான் வாயை அசைத்தால் தசைகளின் அசைவைப் படித்து அது பேசும், அதுவும் என் பழைய குரலில். ஒரு காலத்தில் நான் டப்பிங் கலைஞன். சாலிகிராமத்து டப்பிங் தியேட்டர்களில் இருபது வருடம் ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் பேசியவன். அந்தப் பதிவுகளை எல்லாம் செவிநூல் திரட்டி வைத்திருந்ததால் என் குரலை எனக்கே திருப்பித் தர அவர்களால் முடிந்தது. அதற்கு ஈடாக, என் குரலை அவர்கள் இயந்திரத்துக்குக் கற்பிக்கலாம் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். ஊமையாக வீட்டுக்குப் போவதைவிட எந்தத் தாளும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"நான் எப்பிடிமா? அது உங்க கொரலு," என்றது என் டப்பா.

"குரல் என்னுதுதானுங்க. பேச்சு உங்களுது." அவர் ஹெட்போனைச் சுட்டினார். "இழுக்கறது, முடிக்கறப்ப ஒரு அரைச்சிரிப்புச் சிரிக்கறது, எல்லாம் காலையில இருந்து நீங்க எங்கிட்டப் பேசறீங்களே, அதேதானுங்க. நான் எழுதுனது, 'அம்மா அன்று பேசவில்லை. வலையை அலசிவிட்டு என் தலையைத் தொட்டாள்'னு. இதுல என்ன சொல்லுதுன்னு கேட்டீங்களா?"

கேட்டிருந்தேன். ஒலியைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. மூன்று முறை கேட்டு, இரைச்சல் இல்லை, மூச்சுச் சத்தம் சரி என்று டிக் போட்டிருந்தேன். 'அம்மா அன்னிக்கு வாயே தொறக்கல. வலைய அலசிக்கினு என் மண்டைல ஒண்ணு வச்சா.'

தொட்டாள் என்பது வச்சா ஆகியிருந்தது. தாய் பிள்ளையைத் தடவிய இடத்தில் ஓர் அடி விழுந்திருந்தது. அவர் புத்தகத்தை வாசித்தது தன் தாய்மொழியான ஃபான்டேயில். எங்கள் இயந்திரம் ஒலியிலிருந்து நேராக ஒலிக்குப் போகும், நடுவில் எழுத்தே கிடையாது. சென்னையில் ஃபான்டே தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் ஒத்துப்பார்க்க?

நான் எழுந்து நின்றேன். உடனே உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எழும்பூரில் 'கறுப்புக் குரல்கள்' விழா. ஆப்பிரிக்கா, பிரேசில், ஜமைக்கா, அமெரிக்கா என்று பத்துக் கறுப்பின எழுத்தாளர்களின் பத்து நூல்கள், அவரவர் குரலில், தமிழில். நகரம் முழுக்க பேனர் கட்டியாயிற்று.

மெஹருன்னிசாவை அழைத்தேன். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர், ஆம்பூர்க்காரி. என்னை அண்ணா என்பாள். எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவள் என்பதால் மேலிடத்தில் அவளுக்கு நல்ல பெயர் இல்லை. அராபா சொன்னதைக் கேட்டுவிட்டு நகத்தைக் கடித்தபடி மற்ற ஒன்பது நூல்களையும் வரிசையாக ஓட்டினாள். பிரேசில் கவிஞர், ஜமைக்காவின் பத்திரிகையாளர், நாடகம் எழுதும் அமெரிக்கப் பேராசிரியர். குரல்கள் வேறு வேறாக இருந்தன. பேச்சு ஒன்றுதான். பேராசிரியர் சட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டு 'இன்னா நைனா, நான் சொல்றது கரீக்டா?' என்றார்.

அடுத்து, போன மாதம் நாங்கள் வெளியிட்ட நார்வே எழுத்தாளரின் நூலை ஓட்டினாள். வெள்ளைக்காரர். அவர் செய்தி வாசிப்பவரைப் போல நறுக்குத் தெறித்த தமிழ் பேசினார்.

"எப்பிடி மெஹரு இது?" என்றேன்.

"மிஷின் தமிழைப் புத்தகத்துல கத்துக்கலண்ணா, டப்பிங் படத்துல கத்துக்கிச்சு. வெளிநாட்டு முகமும் தமிழ்க் குரலும் ஒண்ணா இருக்கற இடம் அது ஒண்ணுதான். ஒருத்தரோட போட்டோ, குரல், ஊரு எல்லாத்தையும் குடுத்தா, இப்படிப்பட்ட ஆள் தமிழ்ல எப்படிப் பேசுவார்னு தேடிப் போகும்."

"தேடிப் போயி?"

"உங்களைக் கண்டுபிடிக்கும்." திரையை என் பக்கம் திருப்பினாள். "கறுப்பினத்தவர் பேசுற காட்சி இருநூத்திப் பதினாலு இருக்கு. அதுல நூத்தித் தொண்ணூறு நீங்க."

அவள் ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட என் இருபது வருடம் அந்த அறைக்குள் வந்து நின்றது. வாசல்காவலன், திருடன், கஞ்சா விற்பவன், நாயகனின் நண்பனாக வந்து இடைவேளைக்குள் செத்துப்போகிறவன். டப்பிங்கை நடத்தும் இன்சார்ஜ் வேங்கடபதி சாரின் தாளில் எல்லாப் பாத்திரத்துக்கும் பெயர் இருக்கும். கறுப்பர்களுக்கு மட்டும் 'க.ஆ.' என்று இருக்கும். கறுப்பு ஆள். நான்கு பேர் வந்தாலும் நான்கும் க.ஆ.தான், எதிரே 'சகாயம்' என்று என் பெயர். "டேய் தேவசகாயம், உன் ஆளு வந்துட்டான், மைக்குக்குப் போ!" என்பார். நான் வியாசர்பாடிக்காரன், நிறமும் அவர்கள் நிறம்தான். அதனால் எனக்கு அது வரும் என்று முடிவு செய்துவிட்டார்கள். இருபது வருடத்தில் ஒரு நாயகனுக்கோ ஒரு டாக்டருக்கோ ஒரு ஜட்ஜுக்கோ என்னை மைக் முன்னால் நிறுத்தியதில்லை. எனக்கும் கோபம் வந்ததில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டிவியில் படம் போட்டால் எங்கள் தெருவே என் வசனத்தைச் சொல்லிச் சிரிக்கும். நான் பெருமைப்பட்டேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் அராபா. "உங்க பாஷை நல்லா இருக்குதுங்க. அதுல ஒரு கொறையும் இல்ல. வியாசர்பாடி அம்மா ஒருத்தர் கதை சொன்னா நான் அதுலதான் கேக்கணும். ஆனா என்ற அம்மா வியாசர்பாடி இல்லீங்களே."

"உங்களுக்கு ஆரும்மா தமிழ் சொல்லிக் குடுத்தது?"

"ஹாஸ்டல் மெஸ்ஸுல கலாமணி அக்கா. பொள்ளாச்சிப் பக்கம். அவங்களோட சண்டை போட்டே கத்துக்கிட்டேனுங்க." முதல்முறையாகச் சிரித்தார். மெல்லிய, வேகமான சிரிப்பு. எங்கள் இயந்திரம் அதை எங்கேயோ தொலைத்துவிட்டிருந்தது. "வாடகைக்கு வீடு கேட்டுப் போன் பண்ணுனா, 'உடனே வா அம்மிணி'ம்பாங்க. நேர்ல போய் நின்னா வீடு அஞ்சு நிமிஷத்துல வேற ஆளுக்குப் போயிருக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் நாற்காலி முள்ளாகக் குத்தியது.

பிறகு அவர் ஒன்பதாம் அத்தியாயத்தைப் போடச் சொன்னார். மெஹர் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், ஆனால் போடு என்று சைகை காட்டினேன்.

அந்த நாவல் அவருடைய அக்கா எசியைப் பற்றியது. பிரசவத்தில் போய்விட்டவர். "எங்க ஊர்ல செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வுங்க," என்று விளக்கினார் அராபா. "யாரும் படகு எறக்க மாட்டாங்க. மத்த நாள்னா ஆம்பளைங்க கடல்ல இருப்பாங்க. அக்கா போன அன்னிக்கு ஊரே கரையில நின்னுச்சு. அத்தனை பேர் இருந்தும் ஒருத்தருக்கும் பேச்சு வரல. அந்த அமைதியத்தான் படிக்கறப்ப விட்டுருந்தேன். 'அன்று செவ்வாய்க்கிழமை'ன்னு சொல்லிட்டு, பதினோரு நொடி சும்மா இருந்தேனுங்க."

மெஹர் ஓட்டினாள். 'அன்னிக்கு செவ்வாக்கெழம' என்றது அவர் குரல். ஒரு நொடிகூடப் பொறுக்கவில்லை. 'சரி வுடு கண்ணு, டிக்கெட்டு வாங்கிட்டா. இன்னா பண்ண சொல்ற?' அதன் வாலில் ஓர் அரைச்சிரிப்பு.

அந்த வரி எனக்குத் தெரியும். அது எந்தப் படத்தின் மூல வசனமும் இல்லை. நானே போட்டது.

டப்பிங்கில் ஒரு பழக்கம் உண்டு. பாத்திரம் கேமராவுக்கு முதுகு காட்டினால் உதடு தெரியாது. உதடு தெரியாவிட்டால் எதை வேண்டுமானாலும் பேசலாம். படம் சும்மா இருந்தால் ஜனம் சேனலை மாற்றிவிடும் என்று இன்சார்ஜுகளுக்கு ஒரே பயம். "முதுகு திரும்பிட்டான், போடு!" என்பார் வேங்கடபதி சார். நான் போடுவேன். ஏதோ ஒரு படத்தில் ஒரு கறுப்புத் தகப்பன் மகளின் பிணத்தருகே நமக்கு முதுகு காட்டி நெடுநேரம் நிற்பான். அந்த நடிகர் அங்கே ஒரு சொல் பேசவில்லை. அங்கேதான் இந்த வரியைப் போட்டேன். தியேட்டரே கைதட்டியது, எனக்கு டீயும் பன்னும் வந்தது. அந்தத் தகப்பனின் முதுகு எப்படிக் குலுங்கியது என்பது இத்தனை வருடம் கழித்து அந்த அறையில் வைத்துத்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"மேடமோட பதிவுல முகமே இல்லண்ணா, வெறும் குரல்தான்," என்றாள் மெஹர் மெதுவாக. "மிஷினைப் பொறுத்தவரைக்கும் அவங்க எப்பவுமே முதுகு காட்டித்தான் நிக்கறாங்க. எங்க அமைதி வந்தாலும் அது எதையாவது போட்டுடும்."

"அத்த போட்டது நான்மா," என்றேன் அராபாவிடம். "அந்த வரி என்னுது. மன்னிச்சுக்கங்க."

சொல்லும்போதே அதன் கடைசியில் டப்பா ஓர் அரைச்சிரிப்பைச் சேர்த்தது. நான் சிரிக்கவில்லை, அதுதான் சிரித்தது. கழுத்திலிருந்து அதைப் பிய்த்து எறியலாம் போலிருந்தது.

அராபா தண்ணீர் குடித்தார். பிறகு, "என்ற புத்தகத்த நான் எடுத்துக்கறேனுங்க. அது போகட்டும். மத்த ஒம்போது பேருக்குத் தமிழ் தெரியாதுங்க. அவங்களுக்கு யாருங்க சொல்லுவாங்க?" என்றார்.

அந்த ஒன்பது பேரும் ஏற்கெனவே எங்களுக்கு எழுதியிருந்தார்கள். ஜமைக்காக்காரர் தன் குரலைத் தமிழில் கேட்டு அம்மாவுக்கும் போட்டுக் காட்டினாராம். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்களாம்.

சம்பத்தின் அறைக்கு நானும் மெஹரும் போனோம். நிறுவனத்தின் தலைவர், கெட்டவர் இல்லை. விழாவை உண்மையாகவே ஆசைப்பட்டு நடத்துகிறவர். அதுதான் சிக்கல்.

"சோதனைக்கு இருநூறு பேர் கேட்டாங்க," என்றார். "அத்தனை பேரும் 'அப்படியே ஆப்பிரிக்கக்காரங்க பேசுற மாதிரி இருக்கு'ன்னு எழுதியிருக்காங்க."

"அவங்க எத்தனை ஆப்பிரிக்கக்காரங்க தமிழ் பேசிக் கேட்டிருக்காங்க சார்?" என்றாள் மெஹர். "எல்லாரும் கேட்டது சகாயம் அண்ணாவைத்தான்."

"சரி, செய்தி வாசிக்கிற பாணிக்கு மாத்து."

"அது என் கையில இல்ல சார். அண்ணாவோட பதிவு உள்ள இருக்கற வரைக்கும் அதைத்தான் தேடிப் போய் எடுக்கும். எடுத்துட்டா, கறுப்பினத்தவருக்கு அதுகிட்ட மிஞ்சுற இருபத்திநாலு காட்சி பத்தாது. நின்னுடும். புதுசா கத்துக் குடுக்க எட்டு மாசமாவது ஆகும்."

சம்பத் ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தார். "அதை நிறுவனம் எடுக்க முடியாது. குரலுக்கு உரியவர் அனுமதித் தாளைத் திரும்ப வாங்கினால்தான் முடியும். சட்டம் அப்படி." என்னை ஏறிட்டுப் பார்த்தார். "சகாயம்ணே, உங்களுக்கே தெரியும். அது ஒரே தாள். மிஷினுக்கும் அதுதான், உங்க கழுத்துல இருக்கறதுக்கும் அதுதான். வாங்கினா முழுசா வாங்கணும். பாதி வாங்க முடியாது. டப்பாவும் நின்னுடும், வேற குரல் அதுல ஏறாது. பைத்தியக்காரத்தனம் பண்ணாதீங்க. ஒரு நூலை எடுத்துடுவோம், மத்த ஒன்பதும் போகட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

யாருக்குத் தெரியப்போகுது. உதடு தெரியவில்லை, போடு.

நான் வெளியே வந்தேன். அன்று மாலை முழுக்க வடபழனியிலிருந்து கோடம்பாக்கம் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். ஒரு கடையில் டீ சொன்னேன். 'அண்ணாத்தே, சக்கர தூக்கலா' என்று நானே சொன்ன குரலை நானே கேட்டேன். எவ்வளவு நல்ல குரல்! ஆபரேஷனுக்குப் பிறகு டப்பா வருவதற்கு முன் ஆறு மாதம் ஊமையாக இருந்திருக்கிறேன். பஸ்ஸில் நிறுத்தம் கேட்க முடியாது. கடையில் விரலால் காட்ட வேண்டும். காது கேட்காதவன் என்று நினைத்து எல்லாரும் என்னிடம் கத்துவார்கள். மறுபடி அந்த ஆறு மாதத்துக்குள் போய் விழ எனக்குப் பயமாக இருந்தது. வெளிப்படையாகச் சொல்கிறேன், அந்த ஒன்பது பேரும் எக்கேடோ கெடட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

மறுநாள் காலை இட்லித் தட்டை என் முன்னால் வைத்த ரூத்து, "இன்னாயா, பூனை மாரி சுத்திக்கினே கீற? நேத்துலேர்ந்து ஒரு எடத்துல குந்தல நீ," என்றாள். ரூத்து என் மனைவி. மாநகராட்சிப் பள்ளியில் சமையல் செய்கிறாள். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே கேட்டாள்.

"உன் கொரல பாத்து உன்ன கட்டிக்கினேன்னு நெனச்சியா?" என்றாள். "நீ பேச்சு இல்லாம குந்திகினு இருந்த ஆறு மாசந்தான்யா நான் சொன்னத காதுல வாங்குன. அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டினாள், செருப்பைத் தேடினாள், கதவுவரை போனவள் நின்றாள்.

"முடிவு பண்ட்டியா?"

தலையாட்டினேன்.

"அப்ப ஒரு தபா என்னிய பேர் சொல்லி கூப்புடு."

"ரூத்து," என்றேன்.

"இன்னொரு தபா."

இன்னொரு முறை கூப்பிட்டேன். டப்பா இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். மெஹர் கண்ணைத் துடைத்துக்கொண்டே விசையைத் தட்டினாள். திரையில் நூற்றுத் தொண்ணூறு வரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசி வரி போனதும் "அவ்வளவுதானா?" என்று கேட்க வாயைத் திறந்தேன். கழுத்தில் லேசான சூடு மட்டும் வந்தது. அராபா என் எதிரே உட்கார்ந்திருந்தார். இதைச் செய்யச் சொல்லி அவர் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நன்றி என்று சொல்லாமல் இருந்தாரே, அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மெஹர் ஒன்பது பேருக்கும் நடந்ததை நடந்தபடியே எழுதி, அவர்கள் நூல்களையும் நிறுத்தி வைத்தாள். சம்பத் தலையில் கைவைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "திங்கட்கிழமை பேசிக்கலாம்," என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அரங்கம் எடுத்தாயிற்று, அமைச்சர் வருகிறார், விழாவை நிறுத்த வழியில்லை. கடைசியில் அராபாவே தமிழில் வாசிக்கிறேன் என்றார். இரண்டு நாள் மெஹரும் அவரும் உட்கார்ந்து ஒன்பதாம் அத்தியாயத்தை வரி வரியாகத் தமிழாக்கினார்கள். எங்கெல்லாம் கலாமணி அக்காவின் பேச்சு வந்ததோ அங்கெல்லாம் மெஹர் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. சம்பத் மேடையேறி, அழைப்பிதழில் இருந்ததையே முழங்கினார். "அராபா குவான்சாவின் நாவல், அவருடைய சொந்தக் குரலில், தமிழில்!" ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பின்னால் எங்கள் இயந்திரத்தின் படம் போட்ட பேனர் அப்படியே தொங்கியது. கெட்டிக்காரர்.

நான் பின்னால் ஒலிக்கருவிகளுக்கு அருகே, அதை இயக்குகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அராபா வாசிக்கத் தொடங்கினார். அந்த மெல்லிய, வேகமான குரல். 'என்ற அக்கா' என்று அவர் சொல்லும்போதெல்லாம் எசி அந்த அரங்கத்துக்குள் நடந்து வந்தாள். அவள் கூடையை இடுப்பில் வைத்தாள், மீன்காரனிடம் சண்டை போட்டாள், தங்கைக்குப் பேன் பார்த்தாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சரியான இடத்தில்தான் சிரித்தார்கள்.

"அன்னிக்குச் செவ்வாய்க்கிழமைங்க," என்றார் அராபா. நிறுத்தினார்.

ஒன்று. இரண்டு. மூன்றாவது நொடியில் ஒருவர் இருமினார். நான்காவதில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. "மிஷின் நின்னுபோச்சு போல!" என்றது ஒரு குரல். என் பக்கத்திலிருந்தவர் பதறிப்போய்ப் பின்னணி இசையின் விசைக்குக் கையைக் கொண்டுபோனார். இருபது வருடம் நானும் அதையேதான் செய்தேன். அவர் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன். "யோவ், விடுய்யா, சும்மா கெடக்கு!" என்றார். விடவில்லை. உடம்பின் பலம் முழுக்க அந்தக் கையில் இருந்தது. மேடையில் அராபா யாரையும் பார்க்காமல் நின்றார். எட்டு, ஒன்பது. அரங்கம் மெல்ல அடங்கியது. பத்தாவது நொடியில் யாருமே அசையவில்லை. ஒரு கரை முழுக்க ஆட்கள் பேச்சில்லாமல் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. எசிக்காகவும், நான் கெடுத்த அந்தத் தகப்பனுக்காகவும் அழுதேன். சத்தம் வராததால் யாருக்கும் தொந்தரவில்லை.

பதினொன்று. அவர் வாசிப்பைத் தொடர்ந்தார்.

முடிந்தபோது கைதட்டல் ஓய நேரமாயிற்று. கூட்டம் கலைந்து காபிக்குப் போகும் வழியில், ஜிப்பா போட்ட ஒரு பெரியவர் என் சட்டையிலிருந்த நிறுவன அட்டையைப் பார்த்து நின்றார். கையில் அராபாவின் நாவல் இருந்தது. கண் சிவந்திருந்தது, அவரும் அழுதவர்தான்.

"செவிநூல்தானே நீங்க? பிரமாதம் சார் உங்க மிஷின்! நானும் கண் கொட்டாம பார்த்தேன், உதடு ஒரு இடத்துலயாவது பிசகணுமே? அப்படியே ஒட்டுது சார்!" என் தோளைத் தட்டினார். "ஆனா ஒரு சின்னக் குறை. குரல்ல கொங்கு வாடை அடிக்குது. ஆப்பிரிக்கக் குரல்னா இன்னும் கொஞ்சம் முரடா இருக்கணும். அடுத்ததுல சரி பண்ணிடுங்க."

நான் வாயைத் திறந்தேன். அது அந்த அம்மா பேசியதுய்யா, அந்த அம்மாவே பேசியது என்று கத்தினேன். உதடுதான் அசைந்தது. அவர் மரியாதையாகக் காத்திருந்தார், என் காது மந்தமோ என்று நினைத்து இன்னும் உரக்க, "கொங்கு வாடை!" என்றார். பையிலிருந்த சிறு நோட்டை எடுத்தேன், பேனா மூடி கழலவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "என்ன சார், என்ன சார்," என்று அவர் கூடவே ஓடிவந்தார். அராபாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அராபா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். "சொல்லுங்கய்யா," என்றார்.

பெரியவரின் கண் கருவியைத் தேடி அராபாவின் சட்டைக் காலருக்குப் போயிற்று, காதுக்குப் பின்னால் போயிற்று, மேசைக்கு அடியில்கூடப் போய்விட்டு வந்தது. அராபாவுக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு இது பழக்கம். கழுத்தில் சுற்றியிருந்த துணியை நிதானமாக அவிழ்த்துக் காட்டினார்.

"இங்க ஒண்ணும் இல்லீங்க. தொண்டை மட்டுந்தானுங்க."

பெரியவர் அவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார், நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்வேன் என்று காத்து நின்றார். நான் தலையைக்கூட ஆட்டவில்லை. அராபா சொன்னது போதாதா?